தராசில் ஒட்டிய புளி

5 மார்ச் 2025, காலை

ஒரு வாசகர் கேட்டது: “நான் இரட்சிக்கப்பட்டு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் கூட்டு வியாபாரத்தில் ஒருவரை ஏமாற்றினேன். கர்த்தரிடம் அழுது அறிக்கையிட்டாயிற்று. ‘அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்’ என்று எரேமியா 31:34 சொல்கிறது. அவரே நினைக்காததை நான் போய்க் கிளறுவது விசுவாசக் குறைவுதானே? பாஸ்டர் போகத் தேவையில்லை என்கிறார். மனைவி போ என்கிறாள்.”

5 மார்ச், காலை 8.10

மனைவி சொல்வதைக் கேளுங்கள். மீதியை ராத்திரி எழுதுகிறேன். சாம்பல் புதன் ஆராதனைக்கு நேரமாகிவிட்டது.

5 மார்ச், இரவு

மத்தேயு 5:23, 24. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்து நிற்கிறாய். அப்போது “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று” ஞாபகம் வருகிறது. கவனியுங்கள், குறை அவனுக்கு, உன்மேல். பிரசங்கத்தில் இதை அடிக்கடி தலைகீழாகக் கேட்டிருக்கிறேன்: உங்களுக்கு யார்மேலாவது கசப்பு இருந்தால் மன்னித்துவிட்டு வாருங்கள் என்று. அது மாற்கு 11:25. இங்கே கடன்காரன் நீ. இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில், பலிபீடம் இருப்பது எருசலேமில். பல நாள் நடை. ஆட்டைக் கோயிலில் கட்டிப்போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, அவனைப் பார்த்துப் பேசிவிட்டு, மறுபடி நடந்து வர வேண்டும். ஆடு அதுவரை என்ன தின்னும் என்று அவர் சொல்லவில்லை.

அப்புறம் சகேயு, வரி வசூலித்துப் பணக்காரனானவன், லூக்கா 19. அவன் தன் பாவத்தைப் பற்றி அழுததாக ஒரு வரி கிடையாது. கணக்குப் பேசுகிறான். பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது “நாலத்தனையாக”, நாலு மடங்காக. அதைக் கேட்ட பிறகுதான் இயேசு “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்கிறார்.

என் கதையைச் சொன்னால்தான் நான் ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்று புரியும். உடன்குடிக்குத் தெற்கே எங்களுக்குக் கருப்பட்டிக் கடை. பனையேறிகளுக்கு முன்பணம் கொடுத்து, சீசனில் அவர்கள் விடிலியில், அதாவது பனங்காட்டுக் குடிசையில், காய்ச்சிச் சிரட்டையில் வார்ப்பதை எடை போட்டு வாங்குவோம். 1982-லிருந்து மூன்று சீசன் எடை போடும் இடத்தில் நான் உட்கார்ந்தேன். வயது 19. அந்தக் காலத்தில் கடையில் படிக்கல் வைக்கும் தட்டுக்கு அடியில் புளி ஒட்டப்படும். பத்துக் கிலோவுக்கு இருநூறு கிராம் கடைக்கு லாபம். 1986-ல் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் மனந்திரும்பினேன். 2004-ல் ஒரு பனையேறியின் மனைவியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுப் பணத்தையும் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டார். ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன். மனசு லேசாயிற்று. போங்கள், உங்களுக்கும் லேசாகும்.

7 மார்ச்

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியராம், பிடித்துவிட்டார். இருபுறமும் சமமான தராசில் இருநூறு கிராம் வித்தியாசம் வர வேண்டுமானால் ஒட்டுகிற புளியும் இருநூறு கிராம் இருக்க வேண்டும், அது ஒரு கை உருண்டை, யார் கண்ணிலும் படாமலா இருந்தது என்று கேட்கிறார்.

நியாயம். புளி ஐம்பது கிராம்தான் இருக்கும். மீதி நூற்றைம்பது, கழிவு. ஓலைப்பெட்டி எடைக்கென்று ஒரு கணக்குக் கழிப்போம். காய்ந்த பெட்டியின் எடை எங்களுக்குத் தெரியும், அதைவிடக் கூடவே கழிப்போம். நாற்பது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் புளியைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். கழிவைச் சொன்னதில்லை. ஏன் என்று இன்று காலை முழுக்க யோசித்தேன். புளி திருட்டு என்று எல்லாருக்கும் தெரியும். கழிவு வழக்கம். எல்லாக் கடையிலும் உண்டு, கேட்டால் “ஊர்க் கழிவு” என்று பெயர் சொல்லலாம். சாட்சி சொல்வதற்கு ஒரு சின்ன, பளிச்சென்ற பாவம் வேண்டும். புளி அதற்குத் தோதாக இருந்தது. முக்கால்வாசித் திருட்டு பெட்டியில் இருந்தது.

7 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

இன்னொரு திருத்தம். மேலே “புளி ஒட்டப்படும்” என்று எழுதியிருக்கிறேன். யார் ஒட்டினது? இப்போதைக்கு அதை அப்படியே விடுகிறேன்.

8 மார்ச்

கேள்வி கேட்டவர் சங்கீதம் 51:4-ஐக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். “தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து”. தாவீதே அப்படிச் சொல்கிறானே, பாவம் என்பது கடைசியில் தேவனுக்கு விரோதமானதுதானே, அவரிடம் தீர்த்துக்கொண்டால் போதாதா என்கிறார்.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற வசனம். ஒருவருக்கேயா? அப்போ தாவீதே, உன் படைவீரன் உரியா? அவன் மனைவியை எடுத்துக்கொண்டு, அவன் கையிலேயே அவன் மரணக் கடிதத்தைக் கொடுத்து அனுப்பினாய். அவனுக்கு விரோதமாக ஒன்றும் இல்லையா?

தாவீதுக்காகச் சொல்லக்கூடிய நியாயம் ஒன்று உண்டு. ராஜாவை விசாரிக்க அவனுக்கு மேலே மனித நீதிமன்றம் கிடையாது. உரியாவோ செத்துப்போனான், கேட்க ஆளில்லை. மிச்சம் இருப்பவர் தேவன் ஒருவரே. அந்த “ஒருவருக்கே” ஒரு வழக்காடு மன்றத்துச் சொல் என்று எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டாலும் அது செத்தவனிடம் போக முடியாதவனின் சங்கீதம். உங்கள் கூட்டாளி உயிரோடுதானே இருக்கிறார்? போன் நம்பர்கூட இருக்கும்.

வேதம் உரியாவை எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். 2 சாமுவேல் 23-ல் தாவீதின் பராக்கிரமசாலிகள் பட்டியல். கடைசிப் பெயர், “ஏத்தியனாகிய உரியா”. ஆக முப்பத்தேழு பேர். பட்டியல் அந்தப் பெயரில் போய் முடிகிறது. அப்புறம் மத்தேயு முதல் அதிகாரம், இயேசுவின் வம்ச வரலாறு. அங்கே அவன் மனைவி பத்சேபாளின் பெயர் இல்லை. “உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்” என்று இருக்கிறது. தாவீதுக்கு மன்னிப்புக் கிடைத்து ஆயிரம் வருஷம் ஆகிவிட்டது. அவனுடைய பாவம் நீக்கப்பட்டதென்று தீர்க்கதரிசி நாத்தானே சொல்லிவிட்டான். ஆனால் கிறிஸ்மஸ் சமயத்தில் ஒவ்வொரு வருஷமும் நாம் உரியாவின் பெயரை வாசிக்கிறோம். தாவீதின் பாவத்தை நினையாத தேவன் உரியாவை மறக்கவில்லை.

9 மார்ச்

நேற்று எழுதினது கொஞ்சம் பிரசங்க வாடை அடிக்கிறது. இருக்கட்டும்.

12 மார்ச்

“சிலுவையில் தொங்கின கள்ளன் யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான்?” மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்பார்கள் என்று தெரியும்.

ஒன்றும் கொடுக்கவில்லை. அவனுக்குப் பரதீசு. ஒத்துக்கொள்கிறேன், முழுசாக. திருப்பிக் கொடுத்து ரட்சிப்பை வாங்க முடியும் என்று நான் சொன்னதாக யாராவது நினைத்தால், நான் சரியாக எழுதவில்லை. சகேயு விஷயத்திலும் வரிசை அதுதான்: இயேசுவைப் பார்க்க ஏறின மரத்தில் அவன் இருக்கும்போதே “உன் வீட்டிலே தங்கவேண்டும்” என்று சொல்லியாயிற்று, கணக்கு அப்புறம்.

ஆனால் அந்தக் கள்ளனின் இரண்டு கையிலும் ஆணி. நமக்கு இல்லை. இரக்கம் கேட்பதற்கு முன் அவன் சொன்ன வாக்கியத்தையும் விட்டுவிடக்கூடாது: “நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்.” முதலில் நியாயத்தை ஒத்துக்கொள்கிறான். நம்மில் பலருக்கு அந்த வாக்கியம் வாயில் வருவதில்லை, நேரே “அடியேனை நினைத்தருளும்”.

13 மார்ச்

மீகா 7:19-ஐ அனுப்பியிருக்கும் சகோதரிக்கு: ஆமாம், நம்முடைய பாவங்களையெல்லாம் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுவார் என்றுதான் இருக்கிறது. நான் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். எங்கள் கடலில் ஆழத்தில் கிடப்பதை மூச்சடக்கிப் போய் எடுத்து வருகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு, முத்துக்கும் சங்குக்கும். அதனால் அந்த வசனம் என்னை முழுசாகத் தூங்க விடுவதில்லை.

16 மார்ச், ஞாயிறு மத்தியானம்

கோயிலில் இன்று காணிக்கைப் பை என் முன்னால் வந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. எழுதாமல் விட்டால் இந்த இழையே பொய்யாகிவிடும்.

1986-ல் மனந்திரும்பினேன், 2004-ல் போனேன் என்று எழுதினேன். நடுவில் பதினெட்டு வருஷம். அதை யாரும் கேட்கவில்லை! அந்தப் பதினெட்டு வருஷம் நான் நிம்மதியாகவே இருந்தேன். காரணம், கூட்டம் முடிந்த வாரத்திலேயே ஒரு தொகையை ஸ்தோத்திரக் காணிக்கையாகக் கோயிலில் போட்டுவிட்டேன். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். ரசீதுகூட வாங்கினேன்.

யூதாஸ் செய்ததும் அதுதானே? மத்தேயு 27. மனஸ்தாபப்பட்டான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். மனந்திரும்புதலின் அடையாளம் என்று நாம் போடும் பட்டியலில் எல்லாவற்றுக்கும் அவனுக்கு மார்க் போடலாம். இயேசுவை மறுதலித்த பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதான், அவ்வளவுதான். ஆனால் யூதாஸ் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தது ஆசாரியர்களிடம். அவன் போக வேண்டியிருந்த இடம் அது அல்ல.

எண்ணாகமம் 5-ஐ மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். குற்றம் செய்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, அநியாயம் செய்யப்பட்டவனுக்குக் கொடுக்க வேண்டும். அவன் இல்லையென்றால் அவனுடைய இனத்தானுக்கு. இனத்தானும் இல்லாமற்போனால்தான் அது கர்த்தருக்கு, ஆசாரியனைச் சேரும். கடைசி வழி. நான் முதல் வழியாக எடுத்தேன், பஸ் டிக்கெட் மிச்சம்.

17 மார்ச்

கேள்வி கேட்டவர் செய்தி போட்டிருக்கிறார். கூட்டாளிக்கு வாட்ஸாப்பில் மன்னிப்புக் கேட்டு அனுப்பினாராம். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. “இது போதுமா?” என்று கேட்கிறார்.

தம்பி, ஏமாற்றினது வாட்ஸாப்பிலா?

19 மார்ச்

கத்தோலிக்க நண்பர் ஒருவர் திருச்சியிலிருந்து எழுதுகிறார்: “நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறீர்கள். எங்களுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் இது பாலபாடம். திருடினதைத் திருப்பிக் கொடு என்று சாமியார் சொல்வார். பாவப் பொறுத்தல் வேறு, செய்த சேதத்தைச் சரிக்கட்டுவது வேறு.” ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்திலும் இது இல்லாமல் இல்லை. பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், 1662-ஆம் வருஷத்தது, திருவிருந்துக்கு முன் வாசிக்கிற எச்சரிப்பில் பிறருக்குச் செய்த தீங்கை ஈடுகட்ட ஆயத்தமாயிருங்கள் என்று இருக்கிறது. அதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. நீளமாக இருக்கும், பந்திக்கு நேரமாகும்.

23 மார்ச்

இந்த வாரம் முழுக்க ஆமோஸ் எட்டாம் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டேன். அதைத் திறக்காமலே இருந்திருக்கலாம்.

ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருக்கும் தானிய வியாபாரிகள். மரக்காலைச் சிறிதாக்கி, சேக்கல் என்ற எடைக்கல்லைப் பெரிதாக்கி, கள்ளத்தராசினால் ஏழைகளை ஏய்க்கிறவர்கள். கோயிலுக்கும் ஒழுங்காகப் போகிறவர்கள் என்பதைக் கவனியுங்கள், ஓய்வுநாளை மீறவில்லை, முணுமுணுத்துக்கொண்டே ஆசரிக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் கர்த்தர் ஆணையிடுகிறார்: அவர்கள் செய்கைகளில் ஒன்றையும் ஒருபோதும் மறப்பதில்லை.

அப்போ எரேமியா? “இனி நினையாதிருப்பேன்.” ஒரே தேவன்தானே இரண்டையும் சொல்கிறார்? வசனத்துக்கு வசனம் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதில் எனக்கு ஆசை இல்லை. ஆனால் கர்த்தர் மறக்கமாட்டேன் என்று ஆணையிட்டுச் சொன்னது எந்தப் பாவத்தைப் பற்றி என்று பாருங்கள். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பற்றி.

இதற்கு எனக்குத் தோன்றுகிற வழி ஒன்றுதான், சரியா என்று வேதம் படித்தவர்கள் சொல்லட்டும். நினையாதிருப்பேன் என்பது எனக்கு எதிராக அதை எடுக்கமாட்டேன் என்பது. மறக்கமாட்டேன் என்பது அந்தப் பனையேறிக்காக. நியாயம் என்று நாம் சொல்வது அவர் பக்கமாக நின்று பார்க்கிறபோது இரக்கம்தான். மோசம்போனவனுக்கு, தனக்கு நடந்ததை ஒருவர் மறக்கவில்லை என்பதே பாதி ஆறுதல். என் பாவ மன்னிப்பை வைத்து அவருடைய வழக்கைத் தள்ளுபடி செய்துவிட முடியாது.

26 மார்ச்

“மன்னிக்க வேண்டியது அவர்கள் கடமை, மத்தேயு 18 படி மன்னிக்காவிட்டால் அவர்களுக்குத்தான் ஆக்கினை” என்று ஒருவர் கொஞ்சம் சூடாகவே எழுதியிருக்கிறார்.

அங்கே ஒரு உவமை: ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரனுக்கு எல்லாம் மன்னிக்கப்படுகிறது, அவனோ தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து ஆறு கோடி. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலை என்றால் இரண்டு லட்சம் வருஷ உழைப்பு. “என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்” என்று அந்த வேலைக்காரன் சொல்வது எவ்வளவு பெரிய தமாஷ் என்று அப்போதுதான் தெரியும். அவன் கழுத்தைப் பிடித்த உடன்வேலைக்காரனின் கடன் நூறு நாள் கூலி. அதுவும் சின்னக் காசில்லை, மூன்று மாசத்துக்கு மேல்.

உவமை எனக்குச் சொன்னது. நான் மன்னிக்க வேண்டிய இடத்தில் நிற்கும்போது எனக்குச் சொன்னது. நான் ஏமாற்றினவன் வீட்டு வாசலில் நின்று அதை அவனுக்கு வாசித்துக் காட்டினால், அது அவன் கழுத்தை இரண்டாம் தடவை பிடிப்பது.

1999 ஜனவரி 22 ராத்திரி ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், அவருடைய பத்து வயதும் ஆறு வயதுமான இரண்டு பிள்ளைகளையும் ஜீப்புக்குள் வைத்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் அம்மா மன்னிக்கிறேன் என்றார். நம் சபைகளில் அதை எத்தனை தடவை கேட்டிருப்போம்! ஆனால் அவர் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை. 2003-ல் மரண தண்டனை, 2005-ல் உயர்நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது, 2011-ல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அவர் அதைத் தடுக்கவும் இல்லை. மன்னிப்பு அவருடையது, அவராகக் கொடுத்தார். குற்றவாளி பக்கத்திலிருந்து யாராவது போய் “நீங்கள் கிறிஸ்தவர், மன்னித்தாக வேண்டும்” என்று கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

4 ஏப்ரல்

யூத ரபிகளின் பழைய விவாதம் ஒன்று. ஒருவன் ஒரு உத்திரத்தைத் திருடி மாளிகையில் வைத்துக் கட்டிவிட்டான். இப்போது மனந்திரும்புகிறான். என்ன செய்வது? சம்மாய் பள்ளி: மாளிகையை இடித்து உத்திரத்தைக் கொடு. ஹில்லேல் பள்ளி: உத்திரத்தின் விலையைக் கொடு போதும், இல்லாவிட்டால் ஒருத்தனும் மனந்திரும்ப வரமாட்டான். தீர்ப்பு ஹில்லேல் பக்கம் போனது. யோம் கிப்பூர் என்ற பாவநிவாரண நாளைப் பற்றியும் மிஷ்னாவில், அந்த ரபிகளின் சட்டத் தொகுப்பில், சொல்லியிருக்கிறது: தேவனுக்கும் மனிதனுக்கும் நடுவிலான பாவத்துக்கு அந்த நாள் போதும், மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவிலானதற்கு அவனைப் போய்ச் சமாதானப்படுத்தும்வரை போதாது.

கேட்டவருக்கு இந்தப் பதிலை முதல் நாளே இரண்டு வரியில் கொடுத்திருக்கலாம். என் புளியை இழுத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

5 ஏப்ரல்

எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். கருப்பட்டியிலேயே கணக்குப் போட்டேன், ரூபாய் மாறிக்கொண்டே இருப்பதால். ஒரு குடும்பம் ஒரு சீசனுக்கு நானூறு கிலோ என்று வைத்தால் எட்டுக் கிலோ. மூன்று சீசன், இருபத்துநாலு. மோசே கணக்கில் ஐந்தில் ஒன்று கூட்டினால் இருபத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. சகேயு கணக்கில் தொண்ணூற்றாறு. மோசேயா சகேயுவா என்று ஒரு வாரம் புரண்டேன். கடைசியில் சகேயு, 2004 விலையில். முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டு வைத்ததால் அவர்கள் வேறு கடைக்கும் போக முடியவில்லையே, அதற்கு என்ன கணக்கு என்று கேட்டால் பதில் இல்லை.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி, ராத்திரி

மும்மணி ஆராதனையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. 2004-ல் நடந்ததை நான் முதல் நாள் எழுதினது, சபையில் சாட்சியாகச் சொல்லிச் சொல்லி வழுவழுப்பான வடிவம். “வாங்கிக்கொண்டார், ஜெபம் பண்ணிவிட்டு வந்தேன், லேசாயிற்று.” நடந்தது இது.

அந்த அம்மா முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். “மொதலாளி மவனா” என்றார், எழுந்திருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். புளியைச் சொன்னேன். பணத்தை நீட்டினேன். வாங்கி எண்ணினார், இரண்டு தடவை. இடுப்பில் செருகிக்கொண்டார். நான் மன்னிப்பு என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

“எத்தன சிரட்டைன்னு எண்ணித்தான் பெட்டில அடுக்குவேன்” என்றார். “இத்தன சிரட்டைக்கு இத்தன கிலோன்னு அவருக்கும் தெரியும். கடையில கொறச்சலா வரும். ‘ஒங்கம்மா வீட்டுக்கு எவ்வளவு குடுத்தனுப்புன’ன்னு கேப்பாரு. வெறும் கேள்வியோட நிக்காது.”

ஓலையைக் கீழே வைத்துவிட்டு இடது கையைக் காட்டினார். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

“அவரு போயி ஆறு வருசமாச்சு. கடைசி வரைக்கும் நான் களவாணின்னே நெனச்சிட்டுப் போயிட்டாரு.”

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான்தான் பயந்துபோய், “ஜெபம் பண்ணட்டுமாம்மா” என்று கேட்டேன். “பண்ணு” என்றார். பண்ணினேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கண்ணை மூடவில்லை என்பது மட்டும் தெரியும், நானும் முழுசாக மூடவில்லை.

இருபத்துநாலு கிலோ என்று நான் கணக்கு வைத்திருந்தேன். மோசேயா சகேயுவா என்று புரண்டேன். அந்தக் கைக்கு நாலத்தனை எவ்வளவு?

லேசாக ஆகவே இல்லை. முதல் நாள் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன்.

19 ஏப்ரல்

நேற்று எழுதினதைப் பார்த்துப் பலர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். கணவன் அடித்தது கணவனின் பாவம், உங்களுடையது அல்ல என்று. சரிதான், அவர் கை அவருடையதுதான். ஒரு சகோதரி மட்டும் வேறு மாதிரி எழுதினார்: “உங்கள் மனசு லேசாக வேண்டும் என்று அவர் முற்றத்துக்குப் போனீர்கள். அவர் ஆறு வருஷமாக வைத்திருந்ததைத் திறந்துவிட்டு வந்தீர்கள். அவரிடம் கேட்டுவிட்டா போனீர்கள்?”

இல்லை. கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்றே தோன்றவில்லை. ஆனாலும், தான் களவாணி இல்லை என்று அவருக்கு வெளியிலிருந்து ஒரு ஆள் வந்து சொன்னதும் அன்றைக்குத்தான். இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. கழிவு விஷயத்தில் என்னை நம்பவும் வேண்டாம்.

22 ஏப்ரல்

நேற்று போப் பிரான்சிஸ் காலமானார். 2013 மார்ச்சில், போப் ஆன முதல் ஞாயிற்றுக்கிழமை, தேவன் மன்னிப்பதில் சோர்ந்துபோவதில்லை, நாம்தான் மன்னிப்புக் கேட்பதில் சோர்ந்துபோகிறோம் என்று பேசினார். திருச்சி நண்பர் அதை அனுப்பியிருந்தார். நான் அவருக்கு எழுதின பதில்: தேவனிடம் கேட்பதில் நான் சோர்ந்ததே இல்லை ஐயா, அது வீட்டிலிருந்தே கேட்கலாம்.

27 ஏப்ரல்

இன்னொரு குடும்பம் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. “ஒரு பனையேறியின் மனைவி” என்று எழுதினேனே, எங்களிடம் கருப்பட்டி போட்டது ஒரு குடும்பமா என்ன? மற்றவர்களில் சிலர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், சிலர் இல்லை. ஒருவர் இருக்கிறார் என்று 2004-லேயே தெரியும். அந்த முற்றத்திலிருந்து திரும்பின பிறகு போகத் தைரியம் வரவில்லை. இந்தத் தடவை முதலில் அவர் மகனுக்குப் போன் செய்து, என்ன விஷயம் என்று சொல்லி, வரலாமா என்று கேட்டேன். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

3 மே

வரச் சொல்லிவிட்டார்கள். “அப்பாவுக்குக் காது கேக்காது, சத்தமாப் பேசணும்” என்று மகன் சொன்னார்.

11 மே

நேற்று போய் வந்தேன். வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கியிருப்பார். 1982-ல் நான் அவரைப் பெயர் சொல்லி வா, போ என்று கூப்பிட்டவன், அவருக்குப் பாதி வயது. நேற்று “அண்ணாச்சி” என்றேன். கேட்கவில்லை. “அண்ணாச்சி!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.

பெட்டிக் கழிவை முதலில் சொன்னேன், புளியை அப்புறம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மெதுவாகச் சொல்லக்கூடிய விஷயமாக இதை நாற்பது வருஷம் வைத்திருந்தேன். நேற்று தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஒங்கப்பா இருக்காரா?” என்றார்.

“இல்ல அண்ணாச்சி, தொண்ணூத்தெட்டுல போயிட்டாரு.”

“என்னது?”

“போயிட்டாரு!”

“ம். புளிய அவரு ஒட்டச் சொன்னாரா, நீயா ஒட்டுனியா?”

கழிவு அப்பா காலத்து வழக்கம். புளி என் யோசனை. அப்பாவுக்குத் தெரியாது.

“நான்தான்” என்றேன்.

காதுக்குப் பின்னால் கையை வைத்து என் பக்கம் குனிந்தார்.

“நான்தான் அண்ணாச்சி! நான்தான் ஒட்டினேன்!”